பெரிய வீட்டுக் குழு: கார்த்தி பிடித்த ஸ்டீல்ஹெட்

கார்த்தி: [புகைப்படம்] இன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பியர் மார்க்கெட் ஆற்றுக்கு ஒரு வழிகாட்டியோடு மீன் பிடிக்கப் போனேன். இதுதான் ஸ்டீல்ஹெட். மிச்சிகன் ஏரியிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறி வந்த பெட்டை.

செல்வம் பெரியப்பா: அடேயப்பா, வெள்ளியை உருக்கி ஊற்றியதைப் போல மின்னுகிறதே! எத்தனை கிலோ? குழம்பா, வறுவலா?

கார்த்தி: எடை போடவில்லை பெரியப்பா. தண்ணீரில் வைத்தே தூண்டில் முள்ளைக் கழற்றி மீனை விட்டுவிட்டோம். பால்ட்வின் ஊரை ஒட்டிய அந்தப் பகுதியில் இறகும் நூலும் கட்டிய செயற்கை இரை மட்டும்தான் போடலாம். மீனை எடுத்துப் போகச் சட்டம் அனுமதிக்காது.

செல்வம் பெரியப்பா: காசு கொடுத்து ஆள் வைத்துப் பிடித்துவிட்டு, மீனைத் திரும்ப விடுவதா? கடலோடி வீட்டுப் பிள்ளை செய்கிற காரியமா இது?

லலிதா அத்தை: பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை தெரிகிறதே கார்த்தி. நீலகிரி அவலாஞ்சி மீன் பண்ணையில் பார்த்த ட்ரவுட் மாதிரியே இருக்கிறது.

கார்த்தி: அதே இனம்தான் அத்தை, ரெயின்போ ட்ரவுட். ஓடையிலேயே தங்கிவிட்டால் ட்ரவுட். கடலுக்கோ பெரிய ஏரிக்கோ போய், தின்று கொழுத்து, ஆற்றுக்குத் திரும்பினால் ஸ்டீல்ஹெட். பசிபிக் கரைதான் இதற்குச் சொந்த ஊர். நீலகிரியைப் போலவே இங்கும் கொண்டுவந்து விட்டதுதான். மிச்சிகனில் 1876இல் ஆசாபிள் ஆற்றில் விட்டார்கள்.

நிலா: சித்தப்பா, மீன் எங்கே இருக்கிறது என்று வழிகாட்டிக்கு எப்படித் தெரியும்?

கார்த்தி: நல்ல கேள்வி நிலா. அவர் துடுப்புப் படகின் நடுவில், ஆறு போகும் திசையைப் பார்த்து உட்காருகிறார். துடுப்பை எதிர்ப்பக்கமாகப் போட்டுப் படகின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே தண்ணீரைப் படிக்கிறார். ஓரிடத்தில் ஆற்றின் அடியில் பாய் அளவுக்குச் சரளைக்கல் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. முழங்கால் அளவுத் தண்ணீர்தான். ஒரு பெட்டை மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் கல்லை அடித்துக் குழி பறித்துக்கொண்டிருந்தது. பாசி எல்லாம் போய்க் கல் சுத்தமாகிவிடுகிறது. பின்னாலேயே ஓர் ஆண் மீன்.

செல்வம் பெரியப்பா: கண்ணெதிரே நிற்கிறதே, போட்டிருக்கலாமே?

கார்த்தி: அவர் போட விடவில்லை பெரியப்பா. படகை எதிர்க்கரையோரமாகத் தள்ளிக் கடந்துவிட்டார். இந்த ஆற்றில் ஸ்டீல்ஹெட் குஞ்சுகளை யாரும் கொண்டுவந்து விடுவதில்லை, அந்தக் குழியில் பொரிப்பதுதான் நாளைய மீன். பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துவிடும், இது அப்படிச் சாவதில்லை. ஏரிக்குத் திரும்பி, பிழைத்திருந்தால் மறுபடியும் ஏறி வரும். முட்டையிடும் மீனைத் தொந்தரவு செய்யாத அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

செல்வம் பெரியப்பா: அப்படிச் சொல். இங்கேயும் வரும் ஏப்ரல் 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் போகாது. சினை மீனை விட்டுவைப்பவன் தொழில் தெரிந்தவன். சரி, பிறகு எங்கே போட்டாய்?

கார்த்தி: குழிகளுக்குக் கீழே ஆழமான மடுவில். உருண்டு வரும் முட்டைகளைத் தின்ன மற்ற மீன்கள் அங்கே காத்திருக்கின்றன. தங்கூசி நூல், தக்கை, சிறிய ஈயம், முனையில் ஆரஞ்சு நூலால் முட்டை மாதிரி கட்டிய முள்.

செல்வம் பெரியப்பா: ஈயம் தரையில் உரச வேண்டுமே?

கார்த்தி: லேசாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். மேல்தண்ணீர் வேகமாக ஓடும், அடித்தண்ணீர் மெதுவாக ஓடும். அதனால் நுரையைவிடத் தக்கை மெதுவாகப் போனால்தான் இரை சரியாகப் போகிறது என்று அர்த்தமாம். தக்கை ஒரு கணம் நின்றது, சுண்டினேன், மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளியே துள்ளியது! அடுத்த நொடியே கீழே விழுந்து கிடந்த மரங்களை நோக்கி ஓடியது. அவர் நங்கூரத்தைத் தூக்கிப் படகையே அதன் பின்னால் விட்டார். இன்னும் கை நடுங்குகிறது.

லலிதா அத்தை: குளிர் எப்படி?

கார்த்தி: தண்ணீர் 6, 7 டிகிரிதான் அத்தை. இந்தக் குளிரில்தான் முட்டையிடுமாம். வலையை நனைத்து, கையை நனைத்து, பிறகே மீனைத் தொட்டோம். உலர்ந்த கை பட்டால் மேலிருக்கும் வழவழப்பு போய்விடும்.

நிலா: விட்ட வீடியோ இருக்கிறதா சித்தப்பா?

கார்த்தி: இருக்கிறது, ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

செல்வம் பெரியப்பா: வீடியோ அப்புறம் வரட்டும். அந்த முட்டை முள்ளை உள்ளங்கையில் வைத்துக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. எத்தனையாம் நம்பர் முள் என்றும் அந்தப் படகுக்காரரிடம் கேட்டுச் சொல்.