தானியங்கி ரிவ்யூ மூன்று குறை சொல்கிறது, மூன்றையும் திருத்திவிடவா?

கத்துக்குட்டி_சி:

லினக்ஸ் கர்னலுக்கு என் முதல் பேட்சை (கோட் மாற்றத்தை) அனுப்பியிருக்கிறேன். ஐ2சி பஸ்ஸில் (சிப்புகளை இணைக்கும் இரு கம்பி வழி) உட்காரும் ஒரு சென்சாருக்கான டிரைவர், மொத்தம் 340 வரி. மனிதர் யாரும் எட்டிப் பார்ப்பதற்குள் தானியங்கி ரிவ்யூ செய்யும் 'பாட்' (bot) ஒன்றிடமிருந்து பதில் வந்துவிட்டது. மொழி மாதிரியை வைத்துப் பேட்ச் படிக்கும் வகை. அது சொன்ன குறைகள் இவை:

ஒன்று, ப்ரோபில் (சாதனம் இணையும்போது ஓடும் ஃபங்க்ஷன்) கிளாக்கை இயக்கிய பிறகு அடுத்த படி தோற்றால் நேராக ரிட்டர்ன் ஆகிறேன், கிளாக் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு, ப்ரோபில் ஒதுக்கிய நினைவகத்தை ரிமூவில் (சாதனம் கழலும்போது ஓடுவது) கேஃப்ரீ செய்யவில்லை, அதாவது விடுவிக்கவில்லை. மூன்று, இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் (சாதனம் சைகை கொடுத்ததும் ஓடும் கோட்) மியூடெக்ஸ் என்ற பூட்டை எடுக்கிறேன், அது கிடைக்கும்வரை தூங்க நேரலாம், அங்கே தூங்கக் கூடாது.

முதலாவது உண்மை, படித்ததும் வெட்கமாகிவிட்டது. மற்ற இரண்டும் தவறு என்றே படுகிறது. நினைவகம் ஒதுக்கியது டெவ்எம்_கேஸெட்அலாக்கில் (devm_kzalloc), அது தானே விடுவிக்கப்படும் வகை. ஆனால் முதல் பேட்சிலேயே 'ரிவ்யூ தப்பு' என்று எழுதக் கை வரவில்லை. ஒரு கேஃப்ரீ சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? பேசாமல் மூன்றையும் திருத்தி வி2 (இரண்டாம் பதிப்பு) அனுப்பிவிடவா?

ஒற்றைவரி:

அனுப்பிவிடுங்கள். பாட்டோடு வாதாடிக்கொண்டிருந்தால் பேட்ச் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும்.

பழைய_பேட்ச்:

தயவுசெய்து அந்தக் கேஃப்ரீயைச் சேர்க்காதீர்கள். டெவ்எம் வகையில் வாங்கிய நினைவகத்தை, சாதனம் கழன்றதும் டிரைவர் கோர் தானே விடுவித்துவிடும். நீங்களும் விடுவித்தால் இரட்டை விடுவிப்பு. அதைவிட மோசம், உங்கள் கையில் இருக்கும் முகவரி, கர்னலின் நினைவக ஒதுக்கியான ஸ்லாப் கொடுத்த முகவரியே இல்லை. டெவ்எம்முக்குப் பின்னால் இருக்கும் டெவ்ரெஸ் தன் குறிப்புகளை முன்னால் வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் உள்ள இடத்தைத்தான் உங்களுக்குத் தருகிறது. நடுவில் கை வைத்துக் கேஃப்ரீ செய்கிறீர்கள் என்று அர்த்தம். இல்லாத பக்கை மூட உண்மையான பக் ஒன்றை எழுதுவீர்கள்.

நானும் இதைச் செய்தவன்தான். 'இந்தப் பாயின்டர் மதிப்பு வைக்கப்படாமலே பயன்படலாம்' என்று கம்பைலர் ஒருமுறை எச்சரித்தது. எல்லா வழியிலும் மதிப்பு வைக்கப்படுகிறது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வாயை அடைக்க, மேலே அறிவிக்கும் இடத்தில் நல் (NULL, வெற்று முகவரி) என்று போட்டுவிட்டேன். பல மாதம் கழித்து வேறொருவர் புது வழி ஒன்றைச் சேர்த்தார், அதில் மதிப்பு வைக்க மறந்துவிட்டார். கம்பைலர் சொல்லியிருக்கும். சொல்ல விடாமல் செய்தது நான் போட்ட நல். இயந்திரம் நேரடியாக ஊப்ஸ் (கர்னல் பிழை) அடித்தது.

மூன்றாவதுக்கு வருகிறேன். ஐ2சி பரிமாற்றமே தூங்கக்கூடியது. அதனால் நீங்கள் ரிக்வஸ்ட்_த்ரெடட்_ஐஆர்க்யூ வகையைத்தான் (ஐஆர்க்யூ என்றால் இன்டரப்ட் வழி) பயன்படுத்தியிருப்பீர்கள், ஹேண்ட்லர் தனி த்ரெடில் ஓடும், மியூடெக்ஸ் எடுக்கலாம். வாயால் சொல்வதோடு விடாமல், கான்ஃபிக்கில் டீபக்_அட்டாமிக்_ஸ்லீப்பை இயக்கி ஒரு மணி நேரம் இன்டரப்ட் வரவையுங்கள். தூங்கக் கூடாத இடத்தில் தூங்கினால் அது உடனே கத்தும். 'இயக்கிப் பார்த்தேன், எச்சரிக்கை வரவில்லை' என்று பதிலில் ஒரு வரி எழுதினால் போதும்.

இரண்டாவதைத்தான் நான் இவ்வளவு சுலபமாக விடமாட்டேன். சொன்ன காரணம் தவறு, சரி. ஆனால் 'இந்த நினைவகம் எப்போது சாகிறது' என்ற கேள்வி தவறில்லை. உங்கள் டிரைவரில் டிலேட் வொர்க், அதாவது சற்று நேரம் கழித்து ஓடும் வேலை, ஏதாவது உண்டா? ஐஆர்க்யூவையும் டெவ்எம்மில்தான் வாங்கினீர்களா? ரிமூவை இங்கே போடுங்கள்.

கத்துக்குட்டி_சி:

ஐஆர்க்யூவும் டெவ்எம்தான், ப்ரோபின் கடைசிப் படி. ஹேண்ட்லர் 200 மில்லிசெகண்ட் கழித்து ஓடும்படி ஒரு டிலேட் வொர்க்கைத் தட்டிவிடும். ரிமூவில் இரண்டே வரி: அந்த வொர்க்கை ரத்து செய்வது, கிளாக்கை நிறுத்துவது.

பழைய_பேட்ச்:

நான் சந்தேகப்பட்டதுதான். வரிசையைப் பாருங்கள். ரிமூவில் வொர்க்கை ரத்து செய்கிறீர்கள். ஐஆர்க்யூ இன்னும் உயிரோடு இருக்கிறது, ஏனென்றால் டெவ்எம் தன் வேலையைத் தொடங்குவது ரிமூவ் முடிந்த பிறகு. அந்த இடைவெளியில் ஒரு இன்டரப்ட் வந்தால் வொர்க் மறுபடி வரிசையில் ஏறிவிடும். அப்புறம் டெவ்எம் பின்னாலிருந்து முன்னாக விடுவிக்கும்: முதலில் ஐஆர்க்யூ, அடுத்து நினைவகம். 200 மில்லிசெகண்ட் கழித்து டைமர் எழுந்து பார்த்தால் வீடே இல்லை.

கிளாக்குக்கும் இதே வியாதி. கிளாக் நின்ற பிறகும் ஹேண்ட்லர் ஓடலாம். டெவ்எம்_கிளாக்_கெட்_எனேபிள்டு போட்டால் முதல் குறையும் இதுவும் சேர்ந்தே தீரும். வொர்க்குக்கு டெவ்எம்_டிலேட்_வொர்க்_ஆட்டோகேன்சல் இருக்கிறது. அதை ஐஆர்க்யூ கேட்பதற்கு முன்னால் பதிவு செய்யுங்கள், அப்போதுதான் ஐஆர்க்யூ போன பிறகு ரத்து நடக்கும். கடைசியில் ரிமூவ் ஃபங்க்ஷனே தேவைப்படாது.

கத்துக்குட்டி_சி:

பழைய கோடையே வைத்து, நினைவகப் பிழை பிடிக்கும் கேசானை (KASAN) இயக்கி, டிரைவரைக் கழற்றி மாட்டும் அன்பைண்ட், பைண்ட் இரண்டையும் லூப்பில் ஓட்டினேன். முதல் சில சுற்றில் ஒன்றுமே இல்லை, நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்கள் என்றே நினைத்தேன். பிறகு சென்சாரின் இன்டரப்ட் விகிதத்தை உச்சத்துக்கு ஏற்றினேன். பதினோராவது சுற்றில் யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ, விடுவித்த நினைவகத்தைத் தொட்டுவிட்டது! ஸ்டாக் ட்ரேஸில் என் டிரைவர் பெயரே இல்லை, எல்லாம் டைமர் கோட். நீங்கள் வரிசையைச் சொல்லியிருக்காவிட்டால் டைமர் பக்கம்தான் தேடியிருப்பேன்.

லாக்டெப்_ரசிகன்:

கான்ஃபிக்கில் டீபக்_ஆப்ஜெக்ட்ஸ் குடும்பத்தை, குறிப்பாக ஃப்ரீ, டைமர்ஸ் இரண்டையும், இயக்கிப் பாருங்கள். உயிரோடிருக்கும் டைமர் உள்ள நினைவகத்தை விடுவிக்கும் அந்த நொடியிலேயே பிடித்துவிடும். ட்ரேஸில் டெவ்ரெஸ் பெயர் தெரியும், தேடும் வேலை குறையும். மற்றபடி கோடை ஓட்டாமலே சோதிக்கும் கருவிகளான செக்பேட்ச், ஸ்பார்ஸ், ஸ்மேட்ச் மூன்றையும் அனுப்புவதற்கு முன்னாலேயே ஓட்டிவிடுங்கள். ஆனால் இந்த மாதிரி வரிசைப் பக்கை அவை பிடிக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம். செக்பேட்ச் முக்கால்வாசி இடைவெளியையும் எழுத்து நடையையும்தான் பார்க்கும்.

ஒற்றைவரி:

கேஃப்ரீ யோசனையை வாபஸ் வாங்குகிறேன்.

கத்துக்குட்டி_சி:

:) கடைசியாக ஒன்று அண்ணா. வி2-வில் பாட்டுக்கு ரிப்போர்டட்-பை (பக்கைச் சொன்னவர் பெயர் வரி) போட வேண்டுமா?

பழைய_பேட்ச்:

வேண்டாம். ஏற்கெனவே மரத்தில் (கர்னல் கோட் களஞ்சியத்தில்) சேர்ந்துவிட்ட பக்கைத் தனிப் பேட்சாகத் திருத்தும்போதுதான் அது. உங்கள் பேட்ச் இன்னும் சேரவில்லை. பேட்ச் விளக்கத்துக்குப் பிறகு வரும் '---' என்ற மூன்று கோட்டுக்குக் கீழே 'வி1-லிருந்து மாற்றங்கள்' என்று எழுதி, டெவ்எம் வரிசையை ஏன் மாற்றினீர்கள் என்பதை விளக்குங்கள். ஐஆர்க்யூ கேட்கும் வரிக்கு மேலே ஒரு கமெண்டும் போட்டுவையுங்கள், இல்லாவிட்டால் யாராவது 'அழகுபடுத்துகிறேன்' என்று அந்த இரண்டு வரியை இடம் மாற்றிவிடுவார்கள். பாட்டின் மெயிலுக்கும் இரண்டு வரியில் பதில் போடுங்கள். அதைப் படிக்கப்போவது பாட் இல்லை, பேட்சை ஏற்பதா என்று முடிவெடுக்கும் மெயின்டெய்னர்.