ஒலி வேகத்தில் ஓடுபவன் திரும்புவது எப்படி?

வணக்கமுங்க. இயற்பியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

ஒன்பதாவது படிக்கும் அக்கா மகன் சூப்பர் ஹீரோ படக்கதை வரைகிறான். ஹீரோ ஒலியின் வேகத்தில், அதாவது நொடிக்கு 340 மீட்டர், ஓடி வில்லனைக் குத்த வேண்டும். "நடக்குமா மாமா?" என்றான். பெருந்துறை வீட்டில் தவிட்டு மூட்டை மேல் நோட்டை வைத்துக் கணக்குப் போட்டேன்.

காலுக்கும் தரைக்கும் உராய்வுக் குணகம் (பிடிமானத்தின் அளவு) 1 என்றே வைத்தாலும், அந்த வேகத்தைப் பிடிக்கவே 34 நொடி, கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் ஆகிறது. திரும்புவதற்கோ சுமார் 11.5 கிலோமீட்டர் ஆரம்! வில்லனைச் சுற்றிச் சுற்றி அடிப்பதற்குள் ஈரோட்டையே ஒரு சுற்று வந்துவிடுவான். அப்புறம், 70 கிலோ ஆள் அந்த வேகத்தில் மோதினால் 40 லட்சம் ஜூல் ஆற்றல், ஏறத்தாழ ஒரு கிலோ டிஎன்டி வெடிமருந்து வெடிப்பது மாதிரி. வில்லன் கிடக்கட்டும், இவன் கை என்னாகும்?

என் சந்தேகம் இதுதான். பந்தயக் காரில் இறக்கை காற்றைக் கொண்டு வண்டியைத் தரையோடு அழுத்துகிறதே, அதுபோல ஒன்றை இவனுக்கு மாட்டினால் அந்த ஆரம் நூறு மீட்டருக்குள் வருமா? அவ்வளவு அழுத்தத்தை முழங்கால் தாங்குமா?

'மந்திர சக்தி' என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை அவனே சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை நோம்பிக்கு வருகிறான், அதற்குள் பதில் வேணுமுங்க.