கூகுள் ஷீட்டில் நான் ஃபில்டர் போட்டால் கடையில் இருப்பவருக்கும் கணக்கு வரிகள் மறைந்துவிடுகின்றன, என்ன செய்ய?

பிச்சிமொட்டு:
எங்களுக்குத் தோவாளையில் பூ கமிஷன் கடை. தேதி, தோட்டக்காரர் பெயர், பூ, எடை, விலை, தொகை என்று வரத்துக் கணக்கு முழுவதும் ஒரே கூகுள் ஷீட்டில்தான் இருக்கிறது. விடியற்காலையில் கடையில் மச்சான் ஃபோனில் ஏற்றிக்கொண்டிருப்பார், நான் நாகர்கோவிலில் வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் பார்ப்பேன். செண்பகராமன்புதூர்க்காரர் ஒருவருக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தால் அவர் பெயரை மட்டும் ஃபில்டர் போடுவேன், உடனே மச்சானிடமிருந்து ஃபோன் வரும், "நேத்து போட்ட கணக்கெல்லாம் எங்க, யாரு அழிச்சது?" என்று. எடுத்துவிட்டால் திரும்ப வந்துவிடுகிறது. ஆனால் மார்க்கெட் நேரத்தில் இந்தச் சத்தம் தாங்கவில்லை. நான் பார்ப்பது எனக்கு மட்டும் தெரியும்படி வழி இருக்கிறதா? ஓணம் வருவதற்குள் சரிசெய்ய வேண்டும், அப்புறம் மூச்சுவிட நேரம் இருக்காது.

ஆரல்காற்று:
வழி இருக்கிறது. சாதாரண ஃபில்டர் ஷீட்டுக்குப் போடுவது, அதனால் திறந்திருக்கும் எல்லோருக்கும் வரி மறையும். உங்களுக்கு வேண்டியது ஃபில்டர் வியூ. கம்ப்யூட்டரில் டேட்டா மெனுவைத் திறந்தால் 'கிரியேட் ஃபில்டர் வியூ' என்று இருக்கும், அதற்குள் போய் என்ன பிரித்தாலும் மச்சான் திரையில் ஒன்றும் அசையாது. பெயர் வைத்துச் சேமிக்கலாம், 'செண்பகராமன்புதூர் பாக்கி', 'அரளி மட்டும்' என்று எத்தனை வேண்டுமானாலும். ஒவ்வொன்றுக்கும் தனி லிங்க் உண்டு. ஆடிட்டருக்கு அந்த லிங்கையே அனுப்பலாம், திறந்ததும் பிரித்த நிலையிலேயே வரும்.

ஒன்று மட்டும் கவனம். மறைவது வரி மட்டும்தான், அந்த வியூவுக்குள் நின்று எடையையோ விலையையோ திருத்தினால் அது உண்மையான கணக்கிலும் திருத்தம்தான்.

ரப்பர்ஷீட்காரன்:
ஆரல்காற்று சொன்னது சரி, ஆனால் அது உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவருக்கு. கடையில் ஒரு கையில் தராசும் ஒரு கையில் ஃபோனுமாக நிற்கிறவரைக் குட்டி முக்கோணத்தைத் தொட்டு நீளமான பட்டியலில் டிக் எடுக்கச் சொன்னால் நடக்காது மக்கா. குலசேகரத்தில் எங்கள் கடையில் ரப்பர் ஷீட் கொள்முதல் கணக்குக்கு நான் வைத்திருப்பது வேறு. அதே ஷீட் ஃபைலில் தனியாக ஒரு டேப் (இன்னொரு பக்கம்), மேலே ஒரு டிராப்டவுன் (தொட்டால் பெயர்ப் பட்டியல் விரியும் கட்டம்), கீழே ஃபில்டர் என்ற ஃபார்முலா, அவ்வளவுதான். ஃபார்முலாவுக்குள் முதலில் முழுக் கணக்குப் பகுதியைக் கொடுங்கள், காற்புள்ளி வைத்து, பெயர் இருக்கும் பத்தி டிராப்டவுன் கட்டத்துக்குச் சமம் என்று கொடுங்கள். தேதியும் வேண்டுமென்றால் இன்னொரு காற்புள்ளி போட்டுத் தொடக்கத் தேதி, இன்னொன்று போட்டு முடிவுத் தேதி. எல்லா நிபந்தனையும் பொருந்துகிற வரி மட்டும் கீழே வந்து விழும். மூலக் கணக்கில் யாரும் கை வைக்க வேண்டாம்.

ஆனால் டிராப்டவுனை ஒருவர் மாற்றினால் எல்லோருக்கும் மாறும். அதனால் மச்சானுக்கு ஒரு டேப், உங்களுக்கு ஒரு டேப் என்று பிரித்துவிடுங்கள், இல்லையென்றால் பழைய சண்டைதான்.

குளச்சல்கரை:
ஸ்லைசரை யாருமே சொல்லவில்லையே. அதே டேட்டா மெனுவில் 'ஆட் எ ஸ்லைசர்'. சார்ட், பிவட் டேபிள் (கணக்கைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) வைத்திருந்தால் அதுதான் அழகு, பக்கத்தில் ஒரு பட்டன் மாதிரி நிற்கும், பூவை மாற்ற மாற்ற அதே டேபில் இருக்கும் சார்ட்டும் சேர்ந்து மாறும். நீங்கள் தேர்ந்தெடுப்பது மற்றவர்களுக்குத் தெரியாது, டீஃபால்ட்டாக வைத்தால்தான் தெரியும்.

ரப்பர்ஷீட்காரன்:
சார்ட் பார்த்துக்கொண்டு யார் பூ விற்பார்கள்? ஆண்டுக் கணக்குக்கு வேண்டுமானால் சரி.

பிச்சிமொட்டு:
ரெண்டையும் போட்டுப் பார்த்தேன், ஃபில்டர் வியூ அருமை. மச்சானுக்கு டிராப்டவுன் டேப். இப்போது வேறு தலைவலி. பட்டியலில் பிச்சி ரெண்டு தடவை வருகிறது, ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதான், போதாததற்குப் 'பிச்சிப்பூ' என்று ஒன்று தனியாக. ஆகஸ்ட் மாதம் மட்டும் பிரித்தால் பாதி நாளைக் காணவில்லை. கடைசி வரியில் போட்டிருக்கும் கூட்டுத்தொகை என்ன பிரித்தாலும் மாறவே இல்லை.

ஆரல்காற்று:
மூன்றும் மூன்று விஷயம்.

ஒரே மாதிரி தெரியும் ரெண்டு பிச்சியில் ஒன்றுக்குப் பின்னால் இடைவெளி ஒட்டியிருக்கும். ஃபோன் கீபோர்டில் மேலே வரும் சொல்லைத் தொட்டால் அதுவாகவே ஒரு ஸ்பேஸ் சேர்த்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. பத்தியைத் தேர்ந்தெடுத்து டேட்டா மெனுவில் 'டேட்டா கிளீனப்' உள்ளே 'டிரிம் வைட்ஸ்பேஸ்' கொடுங்கள். 'பிச்சிப்பூ'வைத் தேடி மாற்றுங்கள். அப்புறம் பூ, தோட்டக்காரர் ரெண்டு பத்திக்கும் டிராப்டவுன் வைத்து, பட்டியலில் இல்லாததைத் தட்டினால் ஏற்காதபடி செய்துவிடுங்கள்.

தேதிதான் ஆபத்து. ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய் லொக்கேல், அதாவது எந்த நாட்டு முறை என்பதைப் பாருங்கள், பெரும்பாலும் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்று இருக்கும். அங்கே மாதம்தான் முதலில். 25/08 என்று தட்டினால் 25வது மாதம் இல்லையே, அதனால் வெறும் எழுத்தாக இடதுபக்கம் ஒட்டி நிற்கும். 05/08 என்று தட்டியதை மே 8 என்று எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும், பிழையே காட்டாது. இந்தியா என்று மாற்றுங்கள், ஆனால் ஏற்கெனவே ஏறிய தேதிகள் தானாகத் திருந்தாது. அவற்றைப் பார்த்துப் பார்த்துத் திரும்பப் போட வேண்டியதுதான், குறிப்பாக ஒவ்வொரு மாதத்தின் முதல் 12 நாட்கள்.

கூட்டுத்தொகைக்கு 'சம்' போட்டிருப்பீர்கள், அது மறைந்த வரியையும் சேர்த்தே கூட்டும். சப்டோட்டல் போடுங்கள், முதலில் 9, பிறகு தொகைப் பத்தி. சாதாரண ஃபில்டரில் தெரிகிற வரியை மட்டும் கூட்டும். அதையும் கீழே வைக்காமல் தலைப்பு வரிக்கு மேலே வையுங்கள், இல்லையென்றால் ஃபில்டரில் அதுவும் மறையும்.

ரப்பர்ஷீட்காரன்:
டிராப்டவுன் டேபில் கூட்டுத்தொகைக்குச் 'சம்' போதும், அங்கே வருவதே பிரித்த வரிதானே. தலைப்புக்கு மேலேயே போடுங்கள். கீழே ஃபார்முலா விரிகிற இடத்தில் யாராவது எதையாவது தட்டிவிட்டால் பட்டியல் மொத்தமும் போய் ஒரு பிழை மட்டும் நிற்கும். அந்தக் கட்டத்தை அழித்தால் திரும்ப வந்துவிடும்.

பிச்சிமொட்டு:
சரி அண்ணே, அந்த இடத்தைப் பூட்டி வைக்கிறேன். தேதியைத்தான் இன்று ராத்திரி உட்கார்ந்து திருத்த வேண்டும், ராதாபுரம்காரர் ஒருவருக்கு ஆகஸ்ட் பாக்கி மே மாதத்தில் கிடக்கிறது.