மூணாவது ஆட்டத்துல கரண்ட் போச்சு: நம்ம ஏரியா போக்கிமான் கதைங்க

தண்டையார்பேட்டை 4வது சிஸ்டம்:

நேத்து பழைய ஹார்ட் டிஸ்க்க நோண்டும்போது போக்கிமான் ஃபயர்ரெட் கேம் ஃபைல் ஒண்ணு சிக்குச்சு (போக்கிமான்னா ஜந்துங்கள பால் போட்டு புடிச்சு சண்டைக்கு வுடுவோமே, அதான்), அதுலேர்ந்து தூக்கமே வரல, அதான் இத ஆரம்பிக்கிறேன். நார்த் மெட்ராஸ் ஆளுங்க உங்க கதையையும் போடுங்க, எது மாட்டுச்சு, எது தப்பிச்சுது எல்லாம்.

என்னோடது 2007. கேம்பாய்லாம் கண்ணால பாத்ததே இல்ல, நமக்கு தெருமுனை பிரவுசிங் சென்டர்தான், மணிக்கு 15 ரூபா, கேம்பாய் கேம கம்ப்யூட்டர்ல ஆட வைக்கிற விஷுவல்பாய் அட்வான்ஸ் சாஃப்ட்வேர்ல ஓட்டுவோம். அதுல ஷிஃப்ட்டோட சேத்து எஃப்1 அமுக்குனா சேவ், வெறும் எஃப்1 அமுக்குனா லோட். எஃப்10 வரைக்கும் பத்து இடம் இருக்குல்ல, அத எங்க தெரு பசங்க பட்டா போட்ட மாதிரி பிரிச்சு வச்சிருந்தோம், எனக்கு 4வது சிஸ்டம், எஃப்4. ஸ்பேஸ் பார புடிச்சுனே இருந்தா கேம் வேகமா ஓடும், அதனால எல்லா கீபோர்டுலயும் ஸ்பேஸ் பார் ஒரு பக்கம் சாஞ்சே கெடக்கும், கடை அண்ணன் அங்கேர்ந்தே "டேய் ஒடஞ்சா ஒங்கப்பன் வந்து குடுப்பானா"ன்னு கத்துவாரு.

கேம்ல அந்த பவர் பிளான்ட் ஞாபகம் இருக்கா, ரூட் 10ல தண்ணில சர்ஃப் பண்ணி போவோமே, கீழ கெடக்குற பால் எல்லாம் ஐட்டம்னு எடுக்கப் போனா பால் மாதிரியே இருக்குற எலெக்ட்ரோடுன்ற போக்கிமான் எந்திரிச்சு அடிக்கும். உள்ள ஜாப்டாஸ்னு ஒரு மின்னல் பறவை, லெவல் 50, ஒரே ஒருவாட்டிதான் நிக்கும். எதையும் தப்பாம புடிக்கிற மாஸ்டர் பால் ஒண்ணு இருந்துச்சு, ஆனா அத மியூட்டூன்ற பெரிய போக்கிமானுக்கு வைக்கணும்னு சீனியர் பசங்க சத்தியம் வாங்கிட்டானுங்க. அதனால ஒண்ணு 1200 போட்டு அல்ட்ரா பாலா வாங்குனேன், இருந்த துட்டெல்லாம் காலி. ஜாப்டாஸோட ரத்தக் கோடு செவப்புக்கு வந்துச்சு, பால் போட்டேன், அது மூணு வாட்டி ஆடி நின்னா மாட்டிக்கும், ஒரு ஆட்டம், ரெண்டு ஆட்டம், மூணாவது ஆடும்போது டப்புனு கரண்ட் போச்சு. யூபிஎஸ் அண்ணன் சிஸ்டத்துக்கு ஒண்டிதான்.

இருட்டுல எல்லாரும் என் தோள்ல கைய போட்டானுங்க, எதோ சாவு வீடு மாதிரி.

பரவால்ல, உள்ள நொழையறதுக்கு முன்னாடி எஃப்4ல போட்டு வச்சிருந்தேன்னு மறுநாள் போய் எஃப்4 அமுக்குறேன், பேலட் டவுன்ல பெட்ரூம்ல நிக்கிறேன்! எவனோ லோட் பண்றேன்னு ஷிஃப்ட்டயும் சேத்து அமுக்கிட்டான். பேரு "ஏஏஏஏஏ"ன்னு இருந்துச்சு. பேரு வைக்கக்கூட பொறுமை இல்லாத ஒருத்தனுக்காக என் 40 மணி நேரம் போச்சு. அவன் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

இன்னொண்ணு, கும்மிடிப்பூண்டி ட்ரெயின்ல எண்ணூர் போறப்போ அனல்மின் நிலையம் புகைபோக்கி தெரியுமே, அத பாத்து மாமாகிட்ட "இதுக்குள்ள ஜாப்டாஸ் இருக்கும்"னு சொன்னேன். யாரு, புது மேனேஜரான்னு கேட்டாரு. 2017ல அத மூடுனப்போ எனக்கு மட்டும் வேற ஃபீலிங்கு.

காசிமேட்டு கெண்டை:

தலைவா, நாங்க மீன் யாவாரக் குடும்பம், ஆயா காலத்துலேர்ந்து. கேம்ல மவுண்ட் மூன் குகைக்கு முன்னாடி போக்கிமான் சென்டர்ல ஒருத்தன் நின்னுனு "சூப்பர் போக்கிமான், 500 தான்"னு சொல்வான்ல, நானும் பேஷா இருக்கேன்னு வாங்கிட்டேன். பாத்தா மேஜிகார்ப், ஒண்ணுத்துக்கும் ஆவாத மீன் போக்கிமான். சண்டைக்கு வுட்டா துள்ளுது, "ஒண்ணும் நடக்கல"ன்னு வருது, மறுபடி துள்ளுது. காசிமேட்டுக்காரனுக்கே செத்த மீன வித்துட்டான்யா!

ஆயா பின்னாடி உக்காந்து பாத்துனு இருந்துச்சு, "செவுள பாத்து வாங்கமாட்டியாடா"ன்னுச்சு. இன்னிக்கும் கல்யாணம் காது குத்துன்னா அத சொல்லி கலாய்ப்பாங்க. ஆனா நான் வுடல, ஒவ்வொரு சண்டைலயும் மொதல்ல எறக்கி ஒடனே மாத்தி, அப்படியே லெவல் 20 வரைக்கும் தூக்கினு போனேன். அப்போ அது மாறி கடல் பாம்பு மாதிரி கயராடோஸ் ஆச்சு பாரு, ஆயாவ கூட்டினு வந்து காட்டுனேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு "இது வலைக்கு அடங்காது"ன்னு போயிடுச்சு.

பழைய வண்ணை மஞ்சள்:

நீங்கள்லாம் இங்கிலீஷ்ல ஆடிருக்கீங்க, குடுத்து வச்சவங்க. பொண்ண பிரவுசிங் சென்டர் அனுப்பமாட்டேன்னு வீட்ல ஒரே புடியா நின்னுட்டாங்க. சித்தப்பா கப்பல்ல வேல, வரும்போது கேம்பாய் கலரும் போக்கிமான் யெல்லோன்னு ஒரு மஞ்சள் கேசட்டும் கொண்டாந்தாரு. பிகாச்சு பின்னாடியே நடந்து வரும், திரும்பி நின்னு ஏ அமுக்குனா மூஞ்சி காட்டும். பிரச்சனை என்னன்னா முழுக்க ஜப்பான் பாஷை.

மெனுல அஞ்சாவது வரிதான் சேவ்னு கண்டுபுடிக்கவே ரெண்டு வாரம் ஆச்சு, அதுவரைக்கும் தெனம் முதல்லேர்ந்து. மொத ஜிம்ல, அதான் ஜெயிச்சாதான் மேல போற சண்டைக்கூடத்துல, அந்த ப்ராக்னு தலைவன், அவன்கிட்ட இருக்குற போக்கிமான் ரெண்டுமே பாறை, பிகாச்சு ஷாக் அடிச்சா ஏதோ ஒரு வரி வரும், ரத்தம் எறங்காது. கரண்ட் அதுக்கு ஏறவே ஏறாதுன்னு அந்த வரில எழுதிருக்குன்னு எனக்கு எப்படி தெரியும்? ஒரு மாசம் அதே செவுத்துல முட்டுனேன். அப்புறம் வழி தெரியாம பக்கத்து ரூட்ல போய் ஒரு குரங்கு புடிச்சேன் (மேங்கின்னு அப்பால தெரிஞ்சுச்சு), அது ஒத வுட்டுச்சு, பாறை பொத்துனு விழுந்துச்சு. அம்மா அடுப்படிலேர்ந்து ஓடியாந்துட்டாங்க, அப்படி கத்திருக்கேன்.

போன பொங்கலுக்கு பரண் சுத்தம் பண்ணும்போது கெடச்சுது. ரெண்டு பென்சில் பேட்டரி போட்டேன், ஆன் ஆச்சு. தொடக்கத்துல மூணு வரி வரணும், ரெண்டுதான் வந்துச்சு. மேல இருந்த "கண்டினியூ" இல்ல.

தண்டையார்பேட்டை 4வது சிஸ்டம்:

யக்கா, கேசட்டுக்குள்ள ஒரு பட்டன் பேட்டரி சால்டர் பண்ணி வச்சிருப்பான், சேவ் அதுலதான் நிக்கும், அது தீந்துடுச்சு. ரிச்சி ஸ்ட்ரீட்ல குடுத்தா மாத்திடலாம், ஆனா பழைய சேவ் வராது.

பழைய வண்ணை மஞ்சள்:

வரலன்னா போகுதுப்பா, இப்போதான் அஞ்சாவது வரி தெரியுமே. குரங்கு எந்த ரூட்டு, 22ஆ?