மணியாச்சியில் அந்தப் பத்து நிமிடம்

மணியாச்சி என்றவுடன் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும், 1911-இல் அங்கே நெல்லைக் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்ற வாஞ்சிநாதன்தான் நினைவுக்கு வருவார். திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ நடக்காத காரியம் கரிசல் காட்டின் நடுவே இருக்கும் அந்த ரயில் சந்திப்பில் ஏன் நடந்தது என்று நான் வெகுகாலம் யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தவர், அங்கே வண்டிகளுக்குத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் பகல் வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். குருவாயூரிலிருந்து நெல்லை வழியாக வரும் எக்ஸ்பிரஸோடு எங்கள் பெட்டிகளை அப்போது மணியாச்சியில்தான் சேர்ப்பார்கள். அதுவரை நின்றுதான் ஆக வேண்டும் என்பதால் இறங்கி, பிளாட்பாரத்து வேப்பமர நிழலில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

குருவாயூர் வண்டி வந்து நின்றது. எங்கள் பெட்டிகள் மெல்ல நகர்ந்து அதன்மீது ஒரு சின்ன இடியோடு சாய்ந்தன. ஊழியர் ஒருவர் குனிந்து இரண்டு பெட்டிகளுக்கும் இடையே புகுந்து, கனத்த இரும்பு வளையத்தைத் தூக்கிக் கொக்கியில் மாட்டி, திருகை இறுக்கி, பிரேக் குழாய்களை இணைத்துவிட்டு வெளியே வந்தார். பெரியவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வேலைக்காகத்தான் சார் இந்த ஸ்டேசனே இருக்கு. ஆஷ் துரையும் இங்கன காத்துக்கிட்டுத்தானே இருந்தாரு" என்றார்.

அவர் சொன்னதைப் பிறகு படித்துப் பார்த்தபோது எல்லாம் பொருந்தி வந்தது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு மீட்டர்கேஜ் பாதை போட்டபோது, துறைமுகமே அதன் இலக்கு. திருநெல்வேலிக்கு மணியாச்சியிலிருந்து ஒரு கிளைதான் பிரிந்தது. மாவட்டத்தின் தலைநகருக்குக் கிளைப்பாதை, துறைமுகத்துக்கு முதன்மைப் பாதை என்ற அந்த ஏற்பாட்டிலேயே கம்பெனியாரின் கணக்கு தெளிவாகத் தெரிகிறது என்பது என் எண்ணம். சென்னையிலிருந்து வந்த போட் மெயில் தூத்துக்குடி வரை ஓடியது. அங்கிருந்து பயணிகள் கொழும்புக்குக் கப்பல் ஏறினார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகுதான் அந்தப் போக்குவரத்து தனுஷ்கோடிப் பக்கம் திரும்பியது.

ஆகவே 1911-இல் நெல்லையிலிருந்து வடக்கே போகிறவர், கலெக்டரே ஆனாலும், மணியாச்சியில் போட் மெயிலுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜூன் 17-ஆம் தேதி காலை ஆஷ் தம் மனைவியுடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். 9.30-க்கு நெல்லையில் கிளம்பிய வண்டி 10.38-க்கு மணியாச்சி வந்தது. தூத்துக்குடியிலிருந்து போட் மெயில் வரவேண்டிய நேரம் 10.48. அந்த இடைவெளியில், முதல் வகுப்புப் பெட்டியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே அமர்ந்திருந்தபோதுதான் செங்கோட்டை வாஞ்சிநாதன் உள்ளே ஏறி ஆஷைச் சுட்டார். பிறகு பிளாட்பாரத்தில் ஓடி, கழிப்பறைக்குள் புகுந்து தம்மையே சுட்டுக்கொண்டார். வீட்டிலும் அலுவலகத்திலும் ஆள்படையோடு இருக்கும் ஒரு கலெக்டர், ஊர்க்கூட்டம் இல்லாத ஓரிடத்தில் நேரம் குறித்து வைத்ததுபோல் அசையாமல் உட்கார்ந்திருப்பது அந்தப் பத்து நிமிடத்தில்தான். இதை ஒரு சரித்திரப் பாடமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தண்டவாளத்தோடு வாழ்ந்தவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

பின்னாளில் நிலையத்துக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர் சூட்டினார்கள். மீட்டர்கேஜ் அகலப்பாதை ஆயிற்று. அடுத்த நிலையம் வரை போகலாம் என்பதற்கு அடையாளமாக ஓட்டுநரிடம் வளையத்தில் கோத்துக் கொடுக்கும் டோக்கன் போய் வண்ண விளக்குகள் வந்தன. அந்த வளையத்தை ஓடுகிற வண்டியிலிருந்து முழங்கையில் வாங்கும் விதத்தைப் பெரியவர் கையை நீட்டி எனக்குச் செய்து காட்டினார். முழங்கைக்கு மேலே பழைய தழும்பு ஒன்று இருந்தது.

"நாளைக்கு எல்லா வண்டியும் நிக்காம போயிரும் சார். அப்ப இங்க யாரு இறங்கிப் பாக்கப் போறா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கார்டு விசில் ஊதிவிட்டார். ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். வண்டி நகர்ந்தபோது அவர் நிழலைவிட்டு எழுந்து வந்து, சற்று முன் மாட்டிய அந்தக் கொக்கி தம்மைக் கடந்து போகும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.