புதுப்பிப்பு: பிசிஓஎஸ், சினைப்பை டிரில்லிங் செய்துகொண்டேன்

எனக்கு பிசிஓஎஸ், அதாவது சினைப்பையில் முட்டை சரியாக வளர்ந்து வெளிவராத ஹார்மோன் கோளாறு. முட்டையை வெளிவரத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரை சாப்பிட்டும் முட்டை வெளிவரவில்லை, டாக்டர் லேப்ராஸ்கோபியில் (வயிற்றில் சிறு துளை வழியே செய்யும் அறுவையில்) டிரில்லிங் செய்யலாம் என்கிறார், ஒத்துக்கொள்ளலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். முதலில் அதே வேலைக்கான இன்னொரு மாத்திரையான லெட்ரோசோல் பற்றிக் கேளுங்கள் என்று பலர் சொன்னீர்கள். கேட்டேன், சாப்பிட்டேன், பலனில்லை. அடுத்து ஹார்மோன் ஊசியா, அறுவையா? ஊசியில் இரட்டைக் கரு உண்டாகும் வாய்ப்பு கூடுதல், அடிக்கடி ஸ்கேன் வேறு. அறுவைக்கே சம்மதித்தேன்.

"கட்டியை எல்லாம் எடுத்துட்டாங்களா?" என்று அத்தை கேட்டார். எடுப்பதில்லை. அவை கட்டிகளே அல்ல, பாதியில் வளர்ச்சி நின்றுபோன முட்டைப் பைகள். சினைப்பையில் மின்சூட்டால் சில துளைகள் மட்டும் போடுகிறார்கள், பொதுவாக ஒவ்வொரு சினைப்பையிலும் 4. ஆண் ஹார்மோன் சுரக்கும் திசு கொஞ்சம் அழிய, பிசிஓஎஸ்ஸில் பெரும்பாலும் கூடியிருக்கும் எல்ஹெச் என்ற ஹார்மோனின் அளவும் இறங்குகிறது, அதனால் முட்டை வெளிவர வழி கிடைக்கிறது. 1935-இல் ஸ்டெயின், லெவெந்தால் என்ற அமெரிக்க டாக்டர்கள் எழுதிய முறையில் சினைப்பையிலிருந்து ஆப்பு வடிவில் வெட்டியே எடுத்தார்கள். அதில் உள்ளே ஒட்டல்கள் உண்டாகிக் கருக்குழாயைக் கெடுப்பது பெரிய தொல்லை. இப்போதும் அந்த அபாயம் இருக்கிறது, குறைவு.

துளை அதிகமானால் முட்டை இருப்பு குறையலாம். அதனால் முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனையை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அதே மயக்கத்தில் சாயம் செலுத்திக் குழாய் அடைப்பையும் பார்த்துவிட்டார்கள், அடைப்பில்லை. வயிற்றைவிடத் தோள்தான் வலித்தது. உள்ளே நிரப்பிய வாயுவின் வேலையாம்.

அப்புறம், மாதவிடாய் மாத்திரை இல்லாமல் வந்தது. ஸ்கேனில் முட்டை வெளிவந்ததும் தெரிந்தது. கரு இன்னும் நிற்கவில்லை. தேவைப்பட்டால் மறுபடி லெட்ரோசோல் சேர்ப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார்.