காப்பகம் வேண்டாம், கொல்லைச் சாவி தாருங்கள்

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் ஊர்ச் சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம்மூர்த் தெருநாய்களைப் பற்றி இந்தப் பத்து நாளாக வந்த மடல்கள் அத்தனையையும் படித்தேன். பள்ளிக்கூட வாசலில் நான்காம் வகுப்புப் பிள்ளையை நாய் கடித்ததில் எல்லோருக்கும் மனம் கொதித்துப் போயிருக்கிறது, எனக்கும்தான். முதல் இரண்டு ஊசி போட்டாயிற்று, பிள்ளை மறுபடி பள்ளிக்குப் போகிறாள் என்று தம்பி சொன்னான். துபாய் அண்ணன், காப்பகம் கட்டுவதென்றால் முதல் தொகை தன்னுடையது என்று எழுதியிருந்தார். கோலாலம்பூர்ச் சித்தப்பா, எல்லாவற்றையும் பிடித்துக் குட்டியானை வண்டியில் ஏற்றி ஏரிக்கு அப்பால் விட்டுவிடலாம் என்றார். இரண்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். பூட்டிக் கிடக்கும் நம் வீடுகளின் கொல்லைச் சாவியைத் தாருங்கள், போதும்.

தைப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது தம்பி மகனும் நானும் மூன்று நாள் விடியற்காலையில் தெருத் தெருவாக நடந்து நாய்களை எண்ணினோம். பால்வாடிப் பிள்ளைகள் கொஞ்சும் சின்னக் குட்டிகளை விட்டுவிட்டால் 41. அவற்றில் பெட்டை 17. அந்த நோட்டை இட்லிக்கடை அத்தையிடம் காட்டினேன். அவர் கணக்கைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றும் எந்த வீட்டு நாய் என்று சொல்லத் தொடங்கினார். செவலை மேலத்தெரு வாத்தியார் வீட்டில் வளர்ந்தது, அவர்கள் திருச்சிக்குப் போய்விட்டார்கள். காது மடிந்த கருப்பன் தோப்புக் காவலுக்கு வாங்கி வந்தது, தோப்பை விற்றதும் ரோட்டுக்கு வந்துவிட்டது. பிள்ளையார் கோயிலடியில் படுத்திருக்கும் மூன்றும் ஒரே தாயின் குட்டிகள். அந்தத் தாய் சிங்கப்பூரில் இருக்கும் ஒரு குடும்பத்தினுடையது. இப்படியே இருபத்துமூன்று நாய்களுக்கு வீடு சொன்னார். அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றின் சொந்தக்காரர்கள் இந்த மடலைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எங்கள் மணியும் அப்படித்தான் தெருநாய் ஆனான். கஜா புயல் அடித்த இரவில், 2018 நவம்பரில், கொல்லையில் தென்னைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தபோது அவன் அப்பாவின் கட்டிலுக்கு அடியை விட்டு நகரவில்லையாம். அடுத்த ஆண்டு அப்பா காலமானார். அம்மாவைத் தம்பி பட்டுக்கோட்டைக்கு அழைத்துக்கொண்டான். வாடகை வீட்டில் நாய்க்கு இடமில்லை. பக்கத்து வீட்டில் சோறு வைக்கச் சொல்லிவிட்டு வந்தோம், அவர்களும் வைத்தார்கள். ஆனால் கழுத்தில் புண் வந்ததையும், அதில் புழு வைத்ததையும் பார்த்துக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட அங்கே யாரும் இல்லை. பூட்டிய வீட்டின் திண்ணையில் எட்டு மாதம் இருந்து அங்கேயே செத்துப்போனான். நான் சிங்கப்பூரிலிருந்து மாதா மாதம் பணம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

ஏரிக்கு அப்பால் விடுவதைப் பற்றிச் சித்தப்பாவிடம் மரியாதையோடு ஒன்று சொல்ல வேண்டும். நாய்கள் பஸ் நிறுத்தத்தருகே கூடுவது அங்கே கோழிக்கடைக் கழிவு கொட்டப்படுவதால். இந்த நாய்கள் போனால், அந்தக் கழிவுக்கு அடுத்த ஊர் நாய்கள் வரும். அவற்றுக்கு அத்தையையும் தெரியாது, நம் பிள்ளைகளையும் தெரியாது. இந்தோனேசியாவின் பாலித் தீவில் 2008-இல் வெறிநோய் (ரேபிஸ்) நுழைந்தபோது முதலில் நாய்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். நோய் தீவு முழுவதும் பரவியது. பிறகு 2010-இல் தீவெங்கும் நாய்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கிய பின்தான் மனிதச் சாவுகள் இறங்கின. நம் ஊரில் யாரோ ஒருவர் விஷம் வைக்கலாம் என்று சொன்னதாகவும் காதில் விழுந்தது. நம் நாட்டுத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி விலங்கைக் கொல்வதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. சட்டம் இருக்கட்டும், விஷம் வைத்த சோற்றை ஆட்டுக்குட்டியும் தின்னும், கோழியும் கொத்தும்.

துபாய் அண்ணனின் நல்ல மனசுக்குத் தலைவணங்குகிறேன். ஆனாலும் காப்பகம் நம்மால் தாங்கக்கூடியதில்லை. நாற்பது நாய்களை ஒரே இடத்தில் அடைத்தால் பார்வோ போன்ற தொற்று ஒரு குட்டிக்கு வந்தாலே வரிசையாகச் சாகும். சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டி நம் வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள். மூன்றாம் ஆண்டு சந்தா குறையும்போது கேட்டுக்குள் இருப்பவற்றின் கதி என்ன? மேலும் 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளே, கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்றுதான் சொல்கின்றன.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

முதலில் ஊசி. ஓர் ஊரில் நூற்றுக்கு 70 நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் அந்த அளவு குறையாமல் பார்த்துக்கொண்டால் வெறிநோய்ச் சங்கிலி அறுந்துவிடும். கோவாவில் 2013 முதல் வீடு வீடாக, தெருத் தெருவாகப் போட்டார்கள். 2018 முதல் சில ஆண்டுகள் அங்கே வெறிநோயால் மனிதர் யாரும் சாகவில்லை என்ற நிலையை எட்டினார்கள், 2021-இல் அது வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. நம் 41-இல் 70 விழுக்காடு என்றால் 29 நாய்கள். ஒரு காலைப்பொழுது வேலை! மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஐஸ் பெட்டி வேண்டும், அவ்வளவுதான். வலை வேண்டாம், ஆள்படை வேண்டாம். அத்தை கூப்பிட்டால் பாதி நாய்கள் வந்து நிற்கும். மீதிக்குச் சோறு வைக்கும் மற்ற வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். ஊசி போட்டதற்கு நெற்றியில் சாயப் பொட்டு வைத்துவிட்டால் மறுமுறை பிடிக்க வேண்டியதில்லை. கால்நடை மருந்தக மருத்துவரிடம் தம்பி பேசியிருக்கிறான். பல ஊர் மாடுகளுக்கு அவர் ஒருவர்தான். மாடு கன்று போட முடியாமல் கிடந்தால் அங்கேதான் அவர் ஓட வேண்டும், அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். நாய்களைப் பிடித்துக்கொள்ள ஆள் மட்டும் நாம் நிறுத்த வேண்டும்.

அடுத்தது கருத்தடை. இங்கேதான் சாவி வருகிறது.

ஒரு பெட்டை இரண்டு மாதம் சினையாக இருந்து ஓர் ஈத்துக்கு ஐந்தாறு குட்டி போடுகிறது. ஆண்டுக்கு இரண்டு ஈத்தும் உண்டு. மார்கழிப் பனியில் பிறந்து ரோட்டோரத்தில் செத்துக் கிடக்கும் குட்டிகளை ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறீர்கள். தெருநாய்களுக்கு முகாம் போட்டு அறுவை செய்ய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும், அறுவைக்கூடம் வேண்டும், கூண்டுகள் வேண்டும். உள்ளாட்சியின் பொறுப்பு என்று விதி சொன்னாலும் நம்மூர் ஊராட்சிக்கு அது எட்டாத காரியம். ஆனால் ஒரு வீட்டுக்காரர் தன் நாயைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அறுவை செய்துகொள்ள எந்தத் தடையும் இல்லை. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆகவே அந்த 17 பெட்டைகளுக்கும் வீட்டுக்காரர் வேண்டும். நம்மூர் நாய்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே வீட்டுக்காரர்கள் இருந்தவைதானே? செவலையை வாத்தியார் வீடு மறுபடி தன் பெயரில் ஏற்கட்டும். கோயிலடிப் பெட்டையைச் சிங்கப்பூர்க் குடும்பம் ஏற்கட்டும். ஏற்பது என்றால் விமானத்தில் ஏற்றி அழைத்துக்கொள்வது அன்று. ஊசி, அறுவை, நோய் வந்தால் மருந்து ஆகியவற்றுக்கு "இது எங்கள் நாய்" என்று கையெழுத்துப் போட்டு நிற்பது.

அறுவை முடிந்த நாயைக் குறைந்தது நான்கு நாள், தையல் நன்றாக ஆறப் பத்து நாள், ஈ மொய்க்காத, மழை படாத, மற்ற நாய்கள் நுழையாத இடத்தில் வைத்திருக்க வேண்டும். எங்கே வைப்பது என்று எல்லோரும் கேட்டார்கள். மதில் வைத்த கொல்லையும் காலி மாட்டுக்கொட்டகையும் அடிகுழாயும் உள்ள வீடுகள் நம்மூரில் முப்பதுக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. ஆளுக்கு ஒரு பெட்டை, ஆளுக்குப் பத்து நாள். வீட்டுக்குள் யாரும் வரப்போவதில்லை; கொல்லைக் கதவு மட்டும் போதும். தம்பி மகனும் அவன் நண்பர்கள் இருவரும் காலையும் மாலையும் போய்ப் பார்த்துக்கொள்வார்கள், சோறு அத்தை தருவார். ஆடியில் தொடங்கி ஆவணிக்குள் முடித்துவிட்டால் வருகிற மார்கழிக் குட்டிகள் பெரும்பாலும் இருக்காது. பால் கொடுக்கும் தாய்களையும் ஆறு மாதம் நிறையாதவற்றையும் இப்போது தொடப்போவதில்லை.

நான் இருக்கும் சிங்கப்பூர் 1953 முதல் வெறிநோய் இல்லாத நாடு. இங்கும் 2018 முதல் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்துதான் விடுகிறார்கள். எங்கள் அடுக்குமாடியின் கீழே திரியும் பூனைகளுக்குக் காது நுனி வெட்டியிருக்கும், அறுவை ஆனதற்கு அடையாளம். அரசு கைகொடுக்கும் ஊரிலும் தினமும் சோறு வைத்துக் கணக்கு வைத்திருப்பவர்கள் அந்தந்தத் தெருப் பெண்கள்தான். எங்கள் புளோக்கில் ஒரு சீனப் பாட்டி. நம்மூரில் அத்தை.

ஊரில் இருப்பவர்களுக்கு யாராவது இதைப் படித்துச் சொல்லுங்கள்: கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. கீறல்தானே என்று விட்டுவிடவும் கூடாது. ஊசி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். சொன்ன நாள்களில் கடைசி ஊசி வரைக்கும் போட்டாக வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இன்னும் பாக்கி இருக்கிறது, அவள் அம்மாவிடம் நினைவூட்டுங்கள். சொறி பிடித்த நாய்க்குப் பழைய எஞ்சின் ஆயில் பூசுகிறார்களே, அது அதன் ஈரலைத் தின்னும் விஷம். அதை நிறுத்தச் சொல்லுங்கள். பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே கொன்றுவிடும்.

கோழிக்கடைக்காரர் நம் பங்காளிதான். கழிவுக்குக் குழி வெட்டிக் கொடுத்தால் மூடிப் போடத் தயார் என்கிறார். குழிக்கான கூலியை நான் தந்துவிட்டேன். மருந்துக்கும் வண்டி வாடகைக்கும் துபாய் அண்ணன் தொகையில் ஒரு சிறு பங்கே போதும், மீதியை அடுத்த ஆண்டு ஊசிக்கு வைத்திருக்கலாம்.

எங்கள் கொல்லைச் சாவி தம்பியிடம் இருக்கிறது. முதலில் செவலையைக் கொண்டுவந்து கட்டச் சொல்லியிருக்கிறேன். வாத்தியார் வீட்டில் சம்மதித்துவிட்டார்கள். மாட்டுக்கொட்டகையைக் கழுவி, அப்பாவின் கட்டிலை அங்கே போட்டுச் சாக்கு விரித்திருக்கிறான். உங்கள் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது, கொல்லையில் தண்ணீர் வருகிறதா, மதில் இடிந்திருக்கிறதா என்ற மூன்றையும் இந்த மடலுக்குப் பதிலாக எழுதுங்கள். ஆடி முதல் ஞாயிறுக்கு முன் எழுதினால் மருத்துவரிடம் நாள் குறித்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

அன்புடன்,
கீழத்தெருவிலிருந்து சிங்கப்பூர் வந்தவன்